சிஏ-125 பட்டைகளிடம் நாம் கேட்க வேண்டியது

சினைப்பைப் புற்றுநோயின் அடையாளமாக ரத்தத்தில் பார்க்கப்படும் சிஏ-125 புரதத்தை அளக்கும் மலிவான பயோசென்சர் பற்றிய கட்டுரைகள் நம் இதழின் மேசைக்குத் தொடர்ந்து வருகின்றன. காகிதப் பட்டையிலோ பிளாஸ்டிக் பட்டையிலோ கார்பன் மையால் அச்சிட்ட மின்முனை, அதன்மேல் ஆன்டிபாடி, ஒருமுறை பார்த்துவிட்டு எறிந்துவிடலாம். முடிவுரையும் பெரும்பாலும் ஒன்றுதான்: கண்டறிதல் வரம்பை இன்னும் கீழே கொண்டுவந்துவிட்டோம், ஆகவே சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடித்து உயிர்களைக் காக்கலாம். இந்த ‘ஆகவே’யை இனி அப்படியே அச்சிட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

காரணம், பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் தலைமையில் நடந்த யூகேசிடாக்ஸ் ஆய்வில் 2001 முதல் 2005 வரை, 50 முதல் 74 வயதுக்குட்பட்ட பெண்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் ரத்தத்தில் சிஏ-125 பார்த்தார்கள். உஷா மேனனும் சக ஆய்வாளர்களும் 2021இல் லான்செட்டில் வெளியிட்ட இறுதி முடிவின்படி, பரிசோதனை செய்யாத பிரிவோடு ஒப்பிட்டால் அந்தப் பிரிவில் முதல் நிலைப் புற்றுநோய் 47 சதவீதம் கூடுதலாகப் பிடிபட்டது. நான்காம் நிலை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. இறப்பு மட்டும் குறையவில்லை. நாம் வாக்களித்துக்கொண்டிருப்பது அந்த இறப்புக் குறைவைத்தான்.

அதே ஆய்விலிருந்து 2015இல் வந்த இன்னொரு கட்டுரையைச் சென்சர் செய்யும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 35 யூனிட் என்று ஒரே எல்லைக்கோடு போட்டிருந்தால் 41 சதவீத நோயாளிகளே அகப்பட்டிருப்பார்கள். ஒவ்வொரு பெண்ணின் அளவும் ஆண்டுக்காண்டு எப்படி நகர்கிறது என்று கணக்கிட்டதால் அது 86 சதவீதமானது. இந்த அளவுகளைச் சாதாரண ஆய்வகக் கருவிகளே சிரமமின்றி அளக்கின்றன. கண்டறிதல் வரம்பை மேலும் இறக்குவதால் நோயாளிக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். போன ஆண்டுப் பட்டை காட்டிய 15ம் இந்த ஆண்டுப் பட்டை காட்டும் 15ம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இங்கே கடினமான காரியம். ஒவ்வொரு முறையும் புதுப் பட்டை என்பதுதான் நம் தொழிலின் அடிப்படை. பட்டைக்குப் பட்டை 20 சதவீதம் மாறினால், ஒரு பெண்ணின் உடலில் நிகழும் சிறிய ஏற்றம் அந்த இரைச்சலில் மறைந்துபோகும்.

மாதவிடாய் நின்ற பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2,500 பேரில் ஒருவருக்கே இந்த நோய் வருகிறது. நோயற்றவர்களில் 98 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும் சோதனைகூட, அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஐம்பது பேரை வீணாகக் கலங்கடிக்கும். இளம் பெண்களிடமோ எண்டோமெட்ரியோசிஸ், மாதவிடாய், கர்ப்பம் எல்லாமே சிஏ-125ஐ ஏற்றும்.

இதனால் மலிவான பட்டைக்கு இடமில்லை என்று ஆகாது. நீங்காத வயிற்று உப்பசத்தோடும் அடிவயிற்று வலியோடும் குடும்ப மருத்துவரிடம் வரும் பெண்ணுக்கு முதலில் சிஏ-125 பார்க்கச் சொல்லி பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2011இலேயே பரிந்துரைத்தது. ரத்தம் ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பும்வரை அவர் காத்திருக்கிறார். நம்பத் தகுந்த பட்டை ஒன்று அந்த அறையிலேயே விடை சொன்னால் ஸ்கேனுக்கு உடனே அனுப்பலாம். எங்கள் அக்கறை எல்லாம் அந்தப் பெண்ணின் மேல்தான்.

அடுத்த இதழ் முதல், சிஏ-125 சென்சர் கட்டுரைகளில் குறைந்தது மூன்று தயாரிப்புத் தொகுதிகளின் பட்டைக்குப் பட்டை வேறுபாடும், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் மாதிரிகளில் கிடைத்த முடிவுகளும் இருக்க வேண்டும். பஃபர் கரைசலில் மட்டும் சோதித்தவற்றை மதிப்பாய்வுக்கு அனுப்ப மாட்டோம்.