அடைப்பு நீங்கினால் போதுமா? ஓட்டத்தையும் அளந்து பார்ப்போம்

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்ததும் நோயாளியின் குடும்பத்தினர் எங்களிடம் முதலில் கேட்பது, “அடைப்பு முழுவதும் நீங்கிவிட்டதா?” என்பதே. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆஞ்சியோகிராம் படங்களை அவர்களுக்குக் காட்டுகிறோம். சுருங்கியிருந்த தமனி விரிந்திருப்பதைக் கண்டு அவர்கள் அடையும் நிம்மதி நியாயமானதே. ஆயினும், இதயத் தசைக்குத் தேவையான இரத்தம் போய்ச் சேருகிறதா என்பதற்குப் படம் மட்டும் விடை தராது என்று நாங்கள் கருதுகிறோம்.

ஆஞ்சியோகிராமில் தெரிவது தமனிக்குள் செலுத்திய சாயத்தின் நிழலே. ஸ்டென்ட் வைத்த இடம் படத்தில் சீராகத் தோன்றினாலும் அது முழுமையாக விரியாமல் இருக்கலாம். அதன் விளிம்பில் சிறு கிழிசல் ஏற்பட்டிருக்கலாம். தமனியின் பிற பகுதிகளில் கொழுப்பு பரவலாகப் படிந்திருக்கலாம். மதகைத் திறந்த பின்னரும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்கு நீர் குறைவாகத்தானே போகும்?

இதை அளக்க வழி உண்டு. 1977இல் சூரிச் நகரில் முதல் பலூன் சிகிச்சையைச் செய்த மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள இரத்த அழுத்தத்தை அளந்தே பலனை மதிப்பிட்டார். 1990களில் நிகோ பைல்ஸ், பெர்னார்ட் டி புருய்ன் ஆகியோர் அவ்வழியைச் செம்மைப்படுத்தி எஃப்.எஃப்.ஆர். என்னும் அளவீட்டை உருவாக்கினர். அழுத்தத்தை உணரும் மெல்லிய கம்பியைத் தமனிக்குள் செலுத்தி, அடினோசின் போன்ற மருந்தால் இரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுவந்து, அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தோடு ஒப்பிடுவர். குறையற்ற தமனியில் விடை 1. அது 0.80 அல்லது அதற்குக் கீழ் இருப்பின், அந்த அடைப்பு இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது எனக் கொள்வர். மருந்து செலுத்தும்போது சிறிது நேரம் மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ தோன்றலாம். அது விரைவில் தணிந்துவிடும்.

ஸ்டென்ட் வைத்த பின் இவ்வளவீட்டைச் செய்வதால் என்ன தெரியவரும்? 2002இல் வெளியான ஆய்வொன்றில் 750 நோயாளிகளை ஆறு மாதங்கள் கவனித்தனர். ஸ்டென்டுக்குப் பின் அளவு 0.95க்கு மேல் இருந்தவர்களில் 4.9 விழுக்காட்டினருக்கே மரணம், மாரடைப்பு, அதே தமனிக்கு மறுசிகிச்சை ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தது. 0.90க்குக் கீழ் இருந்தவர்களிடம் இது 20.3 விழுக்காடு. அவர்கள் அனைவருக்கும் படத்தில் சிகிச்சை வெற்றி என்றே தெரிந்திருந்தது.

எனினும், குறைந்த அளவைக் கண்டறிவது வேறு, அதைச் சரிசெய்வது வேறு. ஸ்காட்லாந்தில் 260 பேரிடம் நடந்த ஆய்வில், அளவீட்டின் துணையோடு மேலும் சிகிச்சை செய்தபோது 0.80 அல்லது அதற்குக் கீழ் நின்றவர்களின் பங்கு 29.8 விழுக்காட்டிலிருந்து 18.6 ஆகக் குறைந்தது, ஆனால் 0.90ஐ எட்டியவர்களின் எண்ணிக்கை திட்டவட்டமாக உயர்ந்தது என்று சொல்ல இயலவில்லை. ஸ்டென்ட் நன்கு விரியாததே காரணம் எனில் மீண்டும் பலூனால் விரிக்கலாம். தமனி நெடுகக் கொழுப்பு பரவியிருப்பின் இன்னொரு ஸ்டென்ட் பெரிதும் உதவாது, மருந்துகளே துணை.

ஆகவே எல்லோருக்கும் இவ்வளவீடு கட்டாயம் என்று நாங்கள் கூறவில்லை. கடும் மாரடைப்பின்போது அவசரமாகச் செய்யும் சிகிச்சையில் இதற்கு இடம் குறைவு. கம்பிக்கான செலவும் உண்டு. ஆனால் நீண்ட அடைப்பு, பல ஸ்டென்டுகள், இதயத்தின் முன்பக்கத்துக்கு இரத்தம் தரும் பெருந்தமனி ஆகியவை தொடர்பான சிகிச்சைகளில், படத்தோடு நின்றுவிடாமல் அளந்து பார்ப்பதே முறை என்பது எங்கள் உறுதியான கருத்து.

திட்டமிட்ட சிகிச்சைக்கு வருவோர், “ஸ்டென்டுக்குப் பின் இரத்த ஓட்டத்தை அளப்பீர்களா? எனக்கு அது தேவையா?” என்று முன்னதாகவே மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அளந்திருந்தால் அந்த எண்ணை வீடு திரும்பும்போது பெறும் மருத்துவக் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் நெஞ்சுவலி வந்தால் அது பயன்படும். எண் எதுவாயினும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். புகைப்பழக்கத்தை அறவே விடுங்கள். ஸ்டென்ட் ஓர் இடத்தை மட்டுமே திறக்கிறது. தமனி முழுவதையும் காப்பது இத்தொடர் பராமரிப்பே.