துரைக்கு ரைபிள்! விவசாயிக்குத் தகர டப்பாவா?



கொல்லிமலை, போதமலை, கல்வராயன் மலை அடிவாரக் காடுகளில் ராத்திரி நடக்கிற கூத்து நமக்குத் தெரியாததல்ல. கடலைக்காய், குச்சிக்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாம் நாம விதைக்கிறோம். காட்டுப்பன்னி அறுவடை பண்ணுது! டார்ச் லைட்டும் தகர டப்பாவும் வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குக் கண்ணு முழிக்கிறது?

வெள்ளைக்காரன் 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டான். நம்ம ஆளுக்கு லைசென்ஸ், துரைமாருக்கு விலக்கு! அன்றைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஜவளகிரியில் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் கையில் .405 வின்செஸ்டர் ரைபிள் இருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவன் கையில் கோல்தான் இருந்தது.

சுதந்திரம் வந்தபின் 1959-ல் புதுச் சட்டம் வந்தது. அதன் 13-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் குடிமகன் கேட்டால், கரிமருந்து கெட்டிச்சுச் சுடுகிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கணும் என்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழாய் உள்ள, உள்ளே மரை இல்லாத துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். மறுக்கவும் 14-வது பிரிவில் இடம் உண்டு. ஆனால் காரணத்தை எழுதி வைக்கணும். 18-வது பிரிவில் மேல்முறையீடும் உண்டு. மனுவை வாங்கி மூட்டை கட்டிப் போடச் சொல்லி எந்தப் பிரிவிலும் இல்லை!

துரைமார் வெச்சிருந்த பெரிய ரைபிளை நாம கேட்கவில்லை. சமவெளியில் தோட்டத்துக்குத் தோட்டம் சாளை, குழந்தை குட்டி, ஆடு மாடு. ரைபிள் குண்டு குறி தப்பினால் மைல் கணக்கில் போகும். நமக்கு வேண்டியது கிட்டத்தில் சுடுகிற துப்பாக்கி. அதையும் சட்டப்படிதான் கேட்கிறோம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டறையில் கொடுத்துக் குழாயை வெட்டிக் குறைக்கிறது, ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையா மாத்துறது எல்லாம் 6-வது பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 வருஷம் ஜெயில், ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். அவுட்டுக்காய் பக்கம் போகவே வேண்டாம். பன்னிக்கு வெச்சதை நம்ம மாடு கடிச்சு வாய் கிழிஞ்சு சாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். லைசென்ஸ் கிடைச்சாலும் பன்னியைச் சுட முடியாது. 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேணும். துப்பாக்கிக்கு ஒரு ஆபீஸ், பன்னிக்கு ஒரு ஆபீஸ்! கேரளாவில் 2022-ல் பஞ்சாயத்துத் தலைவருக்கே அந்த அனுமதி கொடுக்கிற அதிகாரம் வந்தது. லைசென்ஸ் உள்ளவர் சுடலாம். நம்ம மாநிலத்தில் 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்னியைச் சுடலாம். ஆனால் சுடுகிறது வனத்துறை ஆட்கள்தான். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடணும். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. அடிவாரத்துக்காரன் காடு பெரும்பாலும் அதற்குள்தானே இருக்கு? அவன் எங்கே போவான்?

எனவே நாம் கேட்பது:

1. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் மனு ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

2. பன்னியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் இங்கேயும் பஞ்சாயத்துக்கு வேண்டும்; லைசென்ஸ் உள்ள விவசாயியையும் அதில் சேர்க்க வேண்டும்.

3. அடிவாரக் கிராமங்களுக்கு அரசு செலவில் வேலி வேண்டும். பயிர் நஷ்ட ஈடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும்.

4. தேர்தல் வந்தால் எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் வாங்கி வைக்கிறதை நிறுத்தி, ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தேர்தல் தேதி பன்னிக்குத் தெரியாது!

திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குத் தனித்தனியா போனா தனித்தனியா திருப்பி அனுப்புவாங்க. சிட்டா, அடங்கல், சேதமான பயிரின் போட்டோவோடு ஊர் ஊராகச் சேர்ந்து வாங்க. கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் யாரும் திரும்பக் கூடாது!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!