படகில் போங்கள், இறங்கி நின்று வீசுங்கள்

இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநில ஆறுகளில் சால்மன் பிடிக்க வருவோரை வழிகாட்டிகள் 'டிரிஃப்ட்' படகில் அழைத்துப் போகிறார்கள். தட்டையான அடிப்பகுதி, மேல்நோக்கி வளைந்த முனைகள். வழிகாட்டி ஆறு ஓடும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலித்து வேகத்தைக் குறைக்கிறார். பாறைகளுக்கிடையே நழுவிச் செல்ல அருமையான வடிவம். சிக்கலும் அதில்தான். கரையிலிருந்து தூண்டில் எட்டாத மடுக்களுக்கும் இந்தப் படகு போய்விடும்.

கடலிலிருந்து வரும் பசிபிக் சால்மன், ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது. (பிறகு ஏன் தூண்டிலைக் கவ்வுகிறது என்பது தனிக்கதை.) உடலில் சேர்த்த கொழுப்புதான் மொத்தக் கையிருப்பு. அதைக் கொண்டே நீரோட்டத்தை எதிர்த்து ஏறவேண்டும், முட்டை முதிரவேண்டும், பெண் மீன் வாலால் சரளைக்கல்லில் குழி பறிக்கவேண்டும். முட்டையிட்டபின் இறந்துவிடும். மறுவாய்ப்பு கிடையாது. மடுவில் அது ஓய்வெடுப்பது இதற்காகத்தான்.

'பிடித்தாலும் விட்டுவிடுகிறோமே' என்பார்கள். போராடிச் செலவான சக்தியை யார் திருப்பித் தருவது? தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அதில் ஆக்சிஜனும் குறைவு.

வாஷிங்டன் மாநிலம் 2020 டிசம்பரில் கடலோர ஆறுகளில், சால்மனின் உறவான ஸ்டீல்ஹெட் மீனுக்காக ஒரு விதி கொண்டுவந்தது: படகில் போகலாம், படகிலிருந்தபடி தூண்டில் போடக்கூடாது. இயற்கை சால்மன் குறைந்துவரும் ஆறுகளில் இலையுதிர் காலத்திலும் அதே விதி வேண்டும். வழிகாட்டியின் பிழைப்பு கெடாது. எந்த மணல்திட்டில் இறங்கி வீசலாம் என்பது அவருக்குத்தானே தெரியும்.