புகைக்குக் கணக்கு எழுதும் பல்கலைக் கழகங்கள்

குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கணக்கு எழுதத் தெரியும். பாலுக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள்.

அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பல வேறொரு கணக்கு எழுதுகின்றன. அது புகைக் கணக்கு! ஒரு வருடத்தில் எத்தனை டன் கரியமில வாயுவை வெளியே விட்டோம், எவ்வளவு தண்ணீர் செலவழித்தோம், எவ்வளவு குப்பை சேர்ந்தது என்று எழுதி, யாரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிடுகின்றன.

பாடம் படிக்கும் இடத்தில் புகை ஏது என்று கேட்கலாம். பெரிய பல்கலைக் கழகம் என்பது ஒரு சிறு நகரம். விடுதிகள் உண்டு. ஆராய்ச்சிக் கூடங்கள் உண்டு. சிலவற்றுக்குச் சொந்த ஆஸ்பத்திரி, சொந்த மின்சார நிலையம் கூட உண்டு. இந்தியானா மாநிலத்தில் பால் ஸ்டேட் பல்கலைக் கழகம் இருக்கிறது. குளிர் காலத்தில் கட்டடங்களைச் சூடாக்க அங்கே நான்கு நிலக்கரிக் கொதிகலன்கள் இருந்தன. வருடத்துக்குச் சுமார் 36 ஆயிரம் டன் நிலக்கரி எரிந்தது! 2009-ல் பூமியில் ஆயிரக்கணக்கான துளைகள் போடத் தொடங்கினார்கள். பூமியின் அடியில் கோடையிலும் குளிரிலும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை அல்லவா? அதைப் பயன்படுத்திக் கட்டடங்களைச் சூடாக்கினார்கள். 2014-ல் நிலக்கரி எரிப்பது நின்றது.

பதக்கம்

இந்தக் கணக்குகளுக்கு மார்க்கும் உண்டு. 'ஸ்டார்ஸ்' என்ற முறை 2010-ல் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகளின் சங்கம் ஒன்று இதை நடத்துகிறது. 100-க்கு 25 வாங்கினால் வெண்கலம். 45-க்கு வெள்ளி. 65-க்குத் தங்கம். 85-க்கு மேல் பிளாட்டினம். முதன் முதலில் பிளாட்டினம் வாங்கியது கொலராடோ ஸ்டேட் பல்கலைக் கழகம். அது 2015-ல்.

பதக்கத்தைப் பார்த்து உடனே கை தட்டி விடக் கூடாது. எண்களை எழுதித் தருகிறவர்கள் பல்கலைக் கழகத்தாரே. சங்கத்தார் அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். சுற்றுச் சூழலைப் பற்றிப் பாடம் நடத்துவதற்கும் ஆராய்ச்சி செய்வதற்கும் கூட மார்க் உண்டு. ஆகவே பதக்கம் வாங்கிய இடத்தில் புகையே இல்லை என்று அர்த்தம் அல்ல.

கலிபோர்னியாவின் வாக்கு

2013-ம் ஆண்டு. கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் தலைவராக இருந்தவர் ஜேனட் நெப்போலிட்டானோ அம்மையார். 10 வளாகங்கள் கொண்ட மாபெரும் கல்வி நிலையம் அது. "எங்கள் கட்டடங்களும் வண்டிகளும் விடும் கரியமில வாயு 2025-க்குள் கணக்கில் பூஜ்யம் ஆகிவிடும்" என்ற பொருளில் அவர் அறிவித்தார். உலகம் பாராட்டியது.

"கணக்கில்" என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பெர்க்லி வளாகத்தை எடுத்துக் கொள்வோம். அங்கே 1987-ல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுப்பார்கள். அதே வெப்பத்தில் நீராவியும் எடுப்பார்கள். அந்தக் காலத்தில் அது சிக்கனமான ஏற்பாடு. தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதை எடுத்துவிட்டு வேறு வைப்பதென்றால் வீதிக்கு வீதி தோண்டிக் குழாய்களை மாற்ற வேண்டும். செலவோ ஏராளம்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. அதுதான் 'கார்பன் ஆப்செட்'. நம் ஊர் வழக்கில் பரிகாரம் என்று சொல்லலாம். எங்கோ ஒருவர் காட்டை வெட்டாமல் காப்பாற்றினார் என்று சீட்டு இருக்கும். பணம் கொடுத்து அந்தச் சீட்டை வாங்கினால், அவர் செய்த புண்ணியம் நம் கணக்கில் வரவு! புகை பழையபடி போய்க் கொண்டிருக்கும். ஏட்டில் மட்டும் பூஜ்யம் வரும். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக் கழகம் 2018-ல் பூஜ்யத்தை எட்டியதாக அறிவித்தது. அதிலும் ஒரு பகுதி இத்தகைய சீட்டுகளே.

கலிபோர்னியாவிலும் சீட்டு வாங்கும் யோசனை இருந்தது. ஆனால் அந்தப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்களே சீட்டுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பார்பரா ஹாயா அம்மையார் இதில் முக்கியமானவர். பெர்க்லியில் கார்பன் வியாபாரத்தை ஆராயும் குழுவை நடத்துகிறவர். சந்தையில் கிடைக்கும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றை நம்ப முடியாது என்று தெரிந்தது. யாரும் வெட்டப் போகாத காட்டை "வெட்டாமல் காத்தோம்" என்று விற்றால் காற்றுக்கு என்ன லாபம்?

2023-ல் பல்கலைக் கழகம் தன் கொள்கையை மாற்றிக் கொண்டது. சீட்டு வாங்கிப் பூஜ்யம் காட்டும் வழியைக் கைவிட்டது. 2045-க்குள், 2019-ல் விட்ட அளவில் 90 சதவீதத்தை உண்மையாகவே குறைப்பது என்று புதுக் குறி வைத்தது. 2025 என்ற வாக்கு போயிற்று.

வாக்குத் தவறியது என்று சிலர் குறை சொல்லலாம். 20 வருடம் தள்ளிப் போனது சின்ன விஷயம் அல்லதான். ஆனாலும் ஏட்டில் பூஜ்யம் எழுதிப் பதக்கம் மாட்டிக் கொள்ள வாய்ப்பு இருந்தபோது, "எங்கள் புகை இன்னும் இவ்வளவு" என்று சொல்வது எத்தனை பேருக்கு வரும்?

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. பல்கலைக் கழகத்தின் அறிக்கையைப் படிக்க நேர்ந்தால் பச்சை மரப் படங்களைத் தாண்டிப் போகலாம். எந்த வருடத்தோடு ஒப்பிட்டுக் "குறைத்தோம்" என்கிறார்கள்? ஊழியர்கள் விமானத்தில் பறப்பதும், மாணவர்கள் காரில் வருவதும் கணக்கில் சேர்ந்ததா? கலிபோர்னியா 2013-ல் கொடுத்த வாக்கில் அவை சேரவில்லை. அவற்றுக்கு 2050 என்று தனித் தவணை வைத்திருந்தார்கள். வாங்கிய சீட்டு எவ்வளவு, உண்மையாகக் குறைத்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா? அந்த வரிகள் பெரும்பாலும் அறிக்கையின் கடைசிப் பக்கங்களில், சின்ன எழுத்தில் இருக்கும்.