கொத்துச் சாவியும் குளியலறைத் தாழ்ப்பாளும்

முதிய பெற்றோரைப் பேணுவதைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நம்மவர்கள் அன்பைப் பற்றியும் கடமையைப் பற்றியும் விஸ்தாரமாகப் பேசுகிறார்கள். ஆனால் அந்த அன்பும் கடமையும் அன்றாடம் நடமாட வேண்டிய வீடு எப்படி இருக்கிறது, அதன் படி எவ்வளவு உயரம், அதன் தரை ஈரத்தில் வழுக்குமா, அதன் கதவு எந்தப் பக்கமாகத் திறக்கிறது என்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவாரைக் காண்பது அரிது. எண்பத்தைந்து வயதைக் கடந்த என் தாயாரோடு திண்டுக்கல்லில் பழைய வீடு ஒன்றில் வாழ்ந்து வருகிற எனக்கு, பரிவு என்பது மனத்தில் மட்டுமன்றிச் சுவரிலும் தரையிலும்கூட இருந்தாக வேண்டிய ஒன்று என்ற அபிப்பிராயம் நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வருகிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதனாலேயே உயிரிழக்கிறார்கள் என்றும், அவ்வாறு இறப்பவர்களில் அறுபதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், நாடு முழுவதிலும் நூற்றுக்கு 8.6 பேர் அறுபது வயதை எட்டியவர்களாக இருந்தபோது தமிழ்நாட்டில் அவ்விகிதம் 10.4 ஆக இருந்தது. ஆகவே, இது என் வீட்டு விஷயம் மட்டுமல்ல.

மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள பழைய தெருக்களில் வீடுகள் முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் இருக்கும். திண்ணையைக் கடந்தால் நடை, நடையைக் கடந்தால் கூடம், அப்பால் முற்றம், அடுக்களை, கிணற்றடி, எல்லாவற்றுக்கும் கடைசியில் கழிப்பறை என்று வைத்துக் கட்டியவர்கள், தங்கள் காலத்து ஆசாரத்துக்கும் சுகாதாரத்துக்கும் ஏற்றபடிதான் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், நடு இரவில் விழித்துக்கொள்ளும் ஒரு மூதாட்டிக்கு அந்த நீளம் ஒரு யாத்திரை. வாசல்தோறும் ஒரு நிலைப்படி. படிதோறும் காலைத் தூக்கி வைக்க வேண்டிய நிர்ப்பந்தம். விளக்கின் சுவிட்சோ அறையின் மறுகோடியில். இவற்றோடு இவ்வூருக்கே உரிய இன்னொரு சிரமமும் சேர்ந்துகொள்கிறது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் நம் நகரத்தின் தாகத்தைத் தீர்த்து வருகிறது என்பது உண்மையே; எனினும், குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருந்து, வந்த நாளில் இருக்கிற பாத்திரங்களிலெல்லாம் பிடித்து வைக்கும் வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக ஊறிப் போயிருக்கிறது. அண்டாவும் குடமும் பிளாஸ்டிக் டிரம்மும் நடையின் இருபுறமும் அணிவகுத்து நிற்க, நடுவே ஒருவர் ஒருக்களித்துப் போகும் வழி மட்டும் எஞ்சியிருக்கும். அவற்றிலிருந்து சிந்தும் நீர் பளபளப்பான டைல்ஸ் தரையில் படிந்துவிட்டால், வாலிபர்களே விழுவார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் செய்த காரியம், காலுக்கு வழி விட்டதுதான். பாத்திரங்களையெல்லாம் கிணற்றடியில் ஒரு மேடை கட்டி ஏற்றினோம். படுக்கையிலிருந்து கழிப்பறை வரையில் கை பற்றிக்கொண்டே போகும்படி சுவரோடு ஸ்டீல் கம்பி பதித்தோம். கூடத்துக்கு அடுத்து, பழைய நெல் போட்டு வைத்திருந்த சிற்றறையைக் குளியலறையாக மாற்றினோம். இவை பணத்தால் ஆகிற வேலைகள். கொத்தனாரும் பிளம்பரும் கிடைத்தால் முடிந்துவிடும். கடினமான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

வயதானவர் இருக்கும் வீட்டை ஒழுங்குபடுத்த வருகிற பிள்ளைகள், பெரும்பாலும் பரணில்தான் முதலில் கை வைக்கிறார்கள். தாயார் மருத்துவமனையில் இருக்கிற சமயம் பார்த்து, பித்தளைத் தவலைகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் பழைய டிரங்குப் பெட்டிகளையும் எடைக்குப் போட்டுவிட்டு, அவர் திரும்பி வரும்போது வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று சந்தோஷப்படுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் நோக்கம் நல்லதே. ஆயினும், ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒரு பெண் தன் கையால் அமைத்த ஒழுங்கு ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது என்பதை அவர்கள் காணவில்லை. பார்வை மங்கிய பின்னும் என் தாயார் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, பாராமலே மிளகையும் சீரகத்தையும் எடுக்கிறார். காரணம், அது வைத்த இடத்தில் இருப்பதும், அதன் உள்ளறைகள் மாறாமலிருப்பதுமே. அதை நல்ல அலமாரிக்கு மாற்றலாமா என்று என் மனைவி கேட்டபோது, “வேணாம் தாயி, அது கைக்குத் தெரிஞ்ச இடம், அங்கனயே இருக்கட்டும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாங்கள் இந்த வீட்டுச் சீர்திருத்தத்துக்கெல்லாம் சட்டமாக வைத்துக்கொண்டோம். காலுக்கு இடைஞ்சலானதை அகற்றலாம். கைக்குத் தெரிந்ததை அசைக்கக் கூடாது. ஞாபகம் தளரத் தொடங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அறிவு மறந்த வழியைப் பழக்கம் நினைவு வைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தையும் குலைத்துவிட்டால், சொந்த வீட்டிலேயே அவர்கள் அந்நியர்களாகிவிடுகிறார்கள்.

பரணிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி அவர் முன்னே வைத்து, இன்னது யாருக்கு என்று அவரையே சொல்லச் சொன்னோம். பல மாதங்கள் நீடித்த காரியம் அது. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகள் அடங்கிய ஒரு பெட்டிக்கு மட்டுமே சில மாலைப்பொழுதுகள் செலவாயின. ஒவ்வொரு சேலையும் எந்த விசேஷத்துக்கு எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தது என்ற வரலாற்றோடுதான் பெட்டியை விட்டு வெளியே வந்தது. நேரம் வீணாகிறதே என்று எண்ணுகிறவர்கள் இக்காரியத்தில் இறங்காமலிருப்பதே நலம். கொடுக்கிற ஸ்தானத்தில் இருந்து ஒரு பொருளைப் பிரிவதற்கும், தன்னைக் கேளாமல் அது பறிபோவதற்கும் உள்ள வித்தியாசம், வாழ்க்கையின் அந்தக் கட்டத்தில் சாமானியமானது அல்ல.

இதே காரணத்தால் இடுப்பில் செருகிய கொத்துச் சாவியையும் அவரிடமிருந்து நாங்கள் வாங்கவில்லை. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவர்களுக்குச் சாவியின் அருமையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே லீவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அரத்தால் ராவி, ஒரு பூட்டின் சாவி மற்றொன்றுக்குச் சேராதபடி கையாலேயே செய்து முடிக்கும் தொழில் இங்கே வளர்ந்தது. மாங்காய்ப் பூட்டு என்று வீட்டுக்கு வீடு வழங்கிய பூட்டு இந்த ஊர்க் கைகளில் உருவானது. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்குள்ளாகவே அலிகார் பூட்டுகளும் இயந்திரப் பூட்டுகளும் சந்தையை நிறைத்து, பட்டறைகள் பலவற்றை மூடச் செய்துவிட்டன. என் தாயாரின் கொத்தில் உள்ள சாவிகளில் சிலவற்றுக்கு இன்று பூட்டே இல்லை. அதனால் என்ன? அரிசி அறைக்கும் பீரோவுக்கும் உரிய சாவி தம்மிடம் இருக்கிறது என்ற எண்ணம், இந்த வீட்டில் தாம் விருந்தாளி அல்லர் என்ற உறுதியை அவருக்கு அளிக்கிறது. மாத்திரை டப்பா ஒன்றைத்தான் எங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டோம். அதையும் அவர் சம்மதத்தோடு.

பூட்டைப் பற்றிச் சொன்ன நான் தாழ்ப்பாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளியலறைக் கதவுகளை நம் ஊரில் பெரும்பாலும் உட்புறம் திறக்கும்படியே மாட்டுகிறார்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், விழுந்த உடலே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும். வெளியே இருப்பவர் கதவை உடைத்தாலும் அது உள்ளே கிடப்பவர்மேல்தான் விழும். ஆகவே, முதியோர் புழங்கும் குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் உள்ளே இருக்கட்டும்; மானத்தை விரும்பும் எவரும் திறந்த கதவோடு குளிக்க ஒப்ப மாட்டார்கள்; ஆனால், அவசரத்தில் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும் தாழ்ப்பாளாக அது இருக்க வேண்டும். எங்களுக்கு இவ்வேலை செய்த ஆசாரி, கதவைக் கழற்றித் திருப்பி மாட்டுவதற்கு முன் என் தாயாரைப் பார்த்து, “பெரியம்மா, வெளிய தெறக்குற மாதிரி மாட்டிரவா?” என்று கேட்டார். வீட்டுக்காரனாகிய என்னைக் கேளாமல் அவரைக் கேட்ட அந்தப் பண்பை நான் மறக்க மாட்டேன்.

மற்ற அளவுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். குளியலறைத் தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் துளையிட்டுப் போல்ட்டால் முடுக்க வேண்டும். ரப்பரால் ஒட்டி நிற்கும் பிடிகளை நம்பி உடம்பின் பாரத்தைச் சாய்க்கலாகாது. கம்பியின் உயரத்தைப் புத்தகத்தில் தேடாமல், யாருக்காகவோ அவரை அங்கே உட்கார வைத்து, எழுந்திருக்கும்போது அவர் கை இயல்பாகப் போகும் இடத்தில் சாக்கட்டியால் அடையாளம் இட்டுக்கொள்வதே சரியான முறை.

வாசற்படி விஷயத்தில்தான் எங்களுக்குள் வாதம் நடந்தது. சரிவுப் பாதை ஒன்று அமைத்துவிடலாம் என்று உறவினர் சிலர் யோசனை சொன்னார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சரிவு அபாயமற்றதாகும். எங்கள் திண்ணை இரண்டரை அடி உயரம். முப்பது அடி நீளத்துக்குத் தெருவில் இடம் ஏது? திண்ணையை இடித்துவிட்டால் இடமும் கிடைக்கும், வண்டியும் நிறுத்தலாம் என்றார் ஒருவர். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. காலை வெயில் ஏறும் முன்னும் மாலை வெயில் தணிந்த பின்னும் என் தாயார் உலகத்தோடு உறவாடுவது அந்தத் திண்ணையில்தான். நிலக்கோட்டைப் பூ வந்துவிட்டதா, இன்று மல்லிகை என்ன விலை, சிறுமலை வாழைப்பழக்காரர் ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்பதெல்லாம் அவருக்கு அங்கேதான் தெரிகிறது. அறைக்குள் கிடத்தி வைக்கப்பட்ட முதியவருக்குத் தொலைக்காட்சி எத்தனை ஓடினாலும், அவர் பெயரைச் சொல்லி நலம் விசாரிக்க அதனால் இயலாது. இரண்டு திண்ணைகளுக்கும் நடுவே உட்புறமாக வாங்கி, பத்து அங்குல உயரத்தில் இருந்த மூன்று படிகளை ஆறு அங்குலப் படிகள் ஐந்தாக மாற்றி, ஒரு பக்கம் கைப்பிடி வைத்தோம். திண்ணை பிழைத்தது.

வீடு எவ்வளவு திருந்தினாலும் மருத்துவம் அதைத் தேடி வராவிட்டால் பயன் குறைவே. இவ்வூரிலிருந்து மதுரை செல்லும் சாலையில், 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, மருத்துவ வசதி நகரத்தில் மட்டும் இருந்தால் போதாது, கிராமத்து எளியவர்களின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அவர்களை இயக்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அந்த எண்ணத்தை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது; இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளோடு, படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அதில் அடங்கும். அப்படி வருகிற பணியாளரிடம் படியையும் தரையையும் விளக்கையும் சற்றே பார்த்து யோசனை சொல்லும் பொறுப்பையும் அரசு ஒப்படைக்குமானால், எத்தனையோ இடுப்பெலும்புகள் முறியாமல் தப்பும் என்பது என் திடமான நம்பிக்கை.

வீட்டைப் புதுப்பிக்கச் செலவு செய்த பிள்ளைகள் சிலர், வேலை முடிந்த கையோடு, “எல்லாம் நான்தானே செய்தேன், வீட்டை என் பேருக்கு எழுதிவிடு” என்று கேட்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. பாசத்தின் பேரால் கேட்கப்படும் அந்தக் கையெழுத்தை இட மறுக்கப் பெற்றோர் பலருக்குத் துணிவு இருப்பதில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பேணிக் காப்பதாக நிபந்தனை ஏற்று, அச்சட்டம் வந்த பின் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டவர் அந்த நிபந்தனையை மீறினால், அப்பத்திரத்தைச் செல்லாததென்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. நம் மாநிலத்தில் கோட்டாட்சியர் முன் மனு கொடுக்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது மிகவும் நல்லது. அதைவிட நல்லது, உயிருள்ளவரை வீடு அவர்கள் பெயரிலேயே இருப்பது.

இவ்வளவும் எழுதிவிட்டு, இந்த வீட்டில் உண்மையாகவே உழைப்பவர் யார் என்பதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. கம்பி பதிப்பதும் கதவு திருப்புவதும் ஆண்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலைகள். இரவில் எழுந்து விளக்குப் போடுவதும், துணி மாற்றுவதும், சோற்றைக் குழைத்து ஊட்டுவதும் என் மனைவியின் வேலைகளாக இருக்கின்றன. வெளியூரில் இருக்கும் என் தம்பி டைல்ஸுக்குப் பணம் அனுப்பினான். பணத்தைவிட நாட்கள் எங்களுக்கு அவசியம் என்று நான் எழுதினேன். அதை ஏற்று, ஆண்டுதோறும் ஒரு மாதம் இங்கே வந்து தங்கித் தாயாரைப் பார்த்துக்கொள்ள அவனும் அவன் மனைவியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாதத்தில் என் மனைவி வத்தலக்குண்டில் இருக்கும் தன் தாயாரிடம் போகிறாள். அவருக்கும் எண்பது வயதாகிவிட்டது. அந்த வீட்டிலும் குளியலறைக் கதவு உட்புறமாகவே திறக்கிறது. ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள்.