திருமலையின் தலைக்கணக்கு

ஓர் ஊரில் வாழ்வோர் எவ்வெவ்வினத்தவர் என்று எண்ணிப் பார்ப்பது குற்றமன்று. அவ்வெண்ணை எவர், எதற்காகக் கையாளுகின்றார் என்பதே கேள்வி. திருகோணமலையின் சனத்தொகை பற்றி நமது மேடைகளில் அச்சமும் சினமும் கலந்த பேச்சே மிகுதியாகக் கேட்கின்றது. அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் ஆவணத்தை முழுமையாகப் படியாதவன் வழக்கில் வெல்வதில்லை. ஆதலால் அந்தக் கணக்கை இன்று நாம் நிதானமாகப் படிப்போம்.

திருமலை ஓரினத்தார் மட்டுமே வாழ்ந்த ஊர் என்று நாம் சொல்லவில்லை. இயற்கைத் துறைமுகம் உள்ள இடத்தில் பலரும் வந்து சேருவர். கோணேசர் மலையைச் சூழ்ந்த தமிழ்க் குடிகளும், கடலையும் கமத்தையும் வாணிகத்தையும் நம்பி வாழ்ந்த முஸ்லிம்களும், பாலையூற்றுப் பறங்கியரும், வெருகற் பக்கத்து வேடரும் இம்மண்ணின் மக்களே. 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயரும், அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆண்டார்கள், போனார்கள். குடிகள் நிலைத்து நின்றார்கள்.

1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் இருந்தோர் ஏறத்தாழ 22,000 பேர். நூற்றுக்கு 64 பேர் தமிழர். 26 பேர் முஸ்லிம்கள். 4 பேர் சிங்களவர். நாற்பது ஆண்டுகளின் பின், 1921இல், தமிழர் 54 ஆகவும் முஸ்லிம்கள் 38 ஆகவும் இருந்தனர். சிங்களவர் பங்கோ அதே 4 அளவில் நின்றது. இவ்வாறு நாற்பதாண்டு அசையாதிருந்த எண், 1946இல் திடீரென நூற்றுக்கு 21ஐ நெருங்கியது.

இந்த முதல் ஏற்றத்திற்குக் குடியேற்றத் திட்டங்களே காரணம் என்று சொல்வோர் கணக்கைப் படியாதவர். அது பெரும்பாலும் பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் விளைவு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் துறைமுக வேலைக்கு நாட்டின் எல்லாப் பக்கங்களிலுமிருந்து ஆட்கள் வந்தனர். தமிழரின் தொகையும் அக்காலத்தில் 18,000 அளவிலிருந்து 33,000க்கு மேல் உயர்ந்தது. பிழைப்புத் தேடி வந்தவன்மீது நமக்கு வழக்கில்லை.

வழக்கு அதற்குப் பின்னரே தொடங்குகின்றது. 1953இல் மாவட்டத்துச் சிங்கள மக்கள் 15,000 பேர் அளவினர். பத்தே ஆண்டுகளில், 1963இல், அத்தொகை ஏறத்தாழ 40,000 ஆயிற்று. எந்தத் தாய் வயிறும் பத்தாண்டில் இப்பெருக்கத்தைத் தந்துவிடாது. இது கந்தளாயிலும் அல்லையிலும் அரசாங்கம் நடத்திய குடியேற்றத்தின் பயன். குளத்து நீரும் காட்டு நிலமும் அரசாங்கத்தின் கையில் இருந்தன. யாருக்குக் காணி என்னும் பட்டியல் கொழும்பில் எழுதப்பட்டது. அருகிலேயே காணியற்றிருந்த தமிழ்க் கமக்காரனையும் முஸ்லிம் கமக்காரனையும் எவரும் கேட்கவில்லை. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது வேலையிழந்த தமிழ்த் தொழிலாளரைப் பதவியாவில் குடியமர்த்தும் யோசனை எழுந்தது. 1958இல் அந்நிலத்தைப் பிறர் முந்திச் சென்று பிடித்துக்கொண்டார்கள், அரசாங்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

குடியேற்றத்தை எல்லைக்கோடு பின்தொடர்ந்தது. 1976ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தில் மூதூர்த் தொகுதி பிரிக்கப்பட்டுச் சேருவில என்னும் புதிய தொகுதி தோன்றியது. முன்னே மக்களை அமர்த்தி, பின்னே அவர்களைச் சுற்றிக் கோடு கீறினார்கள். 1981இல் தமிழர், இந்தியத் தமிழரையும் சேர்த்து, நூற்றுக்கு 36, சிங்களவர் 33, முஸ்லிம்கள் 29.

ஆயினும் கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை. 2012ஆம் ஆண்டு மதிப்பில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 அளவில் முதலிடம் பெற்றனர். தமிழர் மூன்றிலொரு பங்கிற்கும் குறைந்தனர். சிங்களவரும் 27 அளவுக்கு இறங்கினர். இக்காலத் தேய்வைக் குடியேற்றத்தின் தலைமேல் மட்டும் போடுதல் முறையன்று. 1983இலும் 1990இலும் எரிந்த வீடுகளையும், படகேறித் தமிழகம் சென்றோரையும், கடல் கடந்து மேனாடுகள் சென்றோரையும் இந்த எண்ணிலிருந்து கழித்துப் பாருங்கள். 2006இல் சம்பூர் மக்கள் உடுத்த துணியோடு ஓடினார்கள். அவர்களுடைய நிலத்தில் 818 ஏக்கரை மீட்க 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒன்பது பெரும்போகம் தன் வயலைக் காணாத கமக்காரனின் மகன் மீண்டும் கமத்திற்கு வருவானா?

இங்கே நம்மவர் சிலர் இடறுகின்றனர். முஸ்லிம்களின் எண்ணிக்கை உயர்ந்ததைக் கண்டு அவர்களையும் எதிராளி வரிசையில் நிறுத்த முற்படுகின்றனர். இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. முஸ்லிம்களை எவரும் லொறிகளில் கொண்டுவந்து இறக்கவில்லை. அவர்கள் இம்மண்ணிலே பிறந்து பெருகியவர்கள். 1990இல் வட மாகாண முஸ்லிம்கள் தமிழரின் பெயரால் ஆயுதம் தாங்கியோரால் விரட்டப்பட்டபோது நம்முள் பெரும்பாலோர் வாய்மூடி இருந்தோம். அந்த மௌனத்தின் விலையை இன்றும் கொடுத்து வருகின்றோம். 2006இல் மூதூர்ச் சண்டையில் அகப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஓடிச் சென்று தங்கிய இடம் கந்தளாய். குடியேற்ற ஊர் என்று நாம் சுட்டும் அதே கந்தளாயே அவர்களுக்கு நிழல் கொடுத்தது. காணியற்ற வறுமையால் அவ்வூருக்கு வந்த சிங்களக் கமக்காரன் நமக்குப் பகைவன் அல்லன். அவனுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களை எழும்பிப் போ என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. நமது வழக்கு பட்டியலில் பெயர் இடம்பெற்றவன்மீது அன்று; பட்டியலை எழுதிய கையின்மீதே.

அந்தக் கையைக் கட்டுப்படுத்துவதற்கான வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. 1956 ஓகஸ்டில் இதே திருமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு குடியேற்றத்தை நிறுத்துமாறு கோரியது. 1957இல் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், காணி பெறுவோரைத் தெரியும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குத் தர இசைந்தது; மறு ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. 1965இல் டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தம், வடக்குக் கிழக்குக் காணிகளில் முதலுரிமை அவ்வம் மாவட்டத்துக் காணியற்றோர்க்கே என்றது. அதுவும் ஏட்டோடு நின்றது. 1987இல் வந்த பதின்மூன்றாந் திருத்தம், எல்லா மாகாணங்களின் பிரதிநிதிகளும் அமரும் தேசிய காணி ஆணைக்குழு ஒன்றை விதித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வாணைக்குழு அமைக்கப்படவில்லை. 2013இல் உயர் நீதிமன்றம் அரச காணியின் அதிகாரம் மத்திய அரசாங்கத்தினதே என்று தீர்த்தது. 2020இல் கிழக்கின் தொல்லியல் இடங்களுக்கென அமைத்த செயலணியில், அமைத்த வேளையில், தமிழரோ முஸ்லிமோ ஒருவர்தாமும் இல்லை. கிழக்கில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையினர் என்பதை அதனை அமைத்தோர் அறியாதவரா?

எனவே நாம் கேட்பது ஒன்றே: ஓர் ஊரின் மக்கட் கலப்பு மாறலாம், ஆனால் அவ்வூர் மக்களின் இசைவின்றி அதிகாரத்தின் பேனாவால் மாற்றப்படலாகாது. தேசிய காணி ஆணைக்குழு உடன் அமைதல் வேண்டும். காணி பெறுவோர் தெரிவில் முதலில் மாவட்டத்துக் காணியற்றோர், எந்த இனத்தவராயினும், இடம்பெறுதல் வேண்டும். அத்தெரிவு மக்கள் தெரிந்த மாகாண சபையின் கண்முன் நடத்தல் வேண்டும். 2017இல் காலம் முடிந்த கிழக்கு மாகாண சபையை ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி வெறுமையாக வைத்திருந்தவர்கள் காணி அதிகாரம் பற்றிப் பேச என்ன தகுதி உடையவர்கள்?

அரசாங்கத்தை மட்டும் நோக்கிப் பேசிவிட்டு ஓய்தல் நேர்மையன்று. நம் பங்கும் உண்டு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று உழும் கமக்காரர் எத்தனை பேர் தமக்குப்பின் காணிக்கு உரியவர் இன்னார் எனப் பதிந்திருக்கின்றனர்? பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவைத்து உரிமையாளர் இறந்தபின் பிள்ளைகள் கச்சேரி வாசலில் அலைவதை நாம் பலகாலம் கண்டிருக்கின்றோம். இடம்பெயர்ந்து உறுதியைத் தொலைத்தோர், காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைத் தேடிப் பெறட்டும். வெளிநாட்டிலுள்ளோர் தம் வயலைத் தரிசாக விடாமல், எழுத்து மூலம் குத்தகைக்குக் கொடுத்து உழுவிக்கட்டும். சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் ஆசிரியரும் மாதத்தில் ஒருநாளேனும் கிராமங்களுக்குச் சென்று இப்பத்திரங்களைச் சீர்செய்ய உதவுதல் வேண்டும். கூட்டத்தில் கைதட்டுவதிலும் இது நாட்டிற்குப் பெரிய தொண்டு.

இறுதியாக ஒன்று. அச்சம் தரும் அதே எண்ணை மறுமுறை படியுங்கள். 2012இல் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து மாவட்டத்தில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டவர். ஒரு மொழி பேசும் இவ்விரு சாராரும் பிரிந்து நின்றால் இரண்டு சிறுபான்மையினர். காணியிலும் மொழியிலும் ஒருவர்க்கொருவர் நியாயம் செய்து கூடி நின்றால் எவராலும் எண்ணாமல் விடமுடியாத மக்கள். தலைக்கணக்கை எடுப்பது அரசாங்கத்தின் வேலை. அத்தலைகள் ஒருங்கே நிமிர்ந்து நிற்பது நமது வேலை.