"பல வேலை" என்ற இரண்டு சொல்

விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நில்லாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். இதை நம்மவர்க்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரட்டுக் களத்தில் கூடி நிற்கும் ஆட்களை அன்றைக்கு என்ன செய்வது? "ஸ்டோருக்குப் போங்கள், மிஷினில் துரு ஏறிக் கிடக்கிறது, சுரண்டிச் சாயம் அடியுங்கள்" என்று உத்தரவு பிறக்கிறது. பேராக்கில் மிஞ்சியிருக்கும் ரப்பர் தோட்டங்களிலும், செம்பனைக்கு மாறிவிட்ட தோட்டங்களின் டிராக்டர் பட்டறைகளிலும் இன்றும் இந்த வழக்கம் உண்டு. செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாம், அந்த நாளுக்கு நேரே "பல வேலை" என்று இரண்டு சொல் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம். அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று கேட்போம். இரும்புக்குச் சாயம் அடிக்க மழை நாளா நாள்? ஈரக் காற்றில் இரும்பு வியர்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் படிகிறது. சுரண்டிப் பளபளவென்று வைத்த இரும்பு சில மணி நேரத்துக்குள் மறுபடியும் செம்மை தட்டிவிடும். அதன்மேல் சாயத்தைப் பூசினால் அது இரும்பைப் பிடிக்காது. நீரையும் துருவையுமே பிடிக்கும். சில மாதங்களில் கொப்புளம் கிளம்பித் தோல் உரியும். நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் ஒரே உருளை மிஷினுக்கு ஓராண்டில் மூன்று முறை சாயம் அடிக்கப்பட்டது. மூன்று முறையும் மழை நாள். மூன்று முறையும் "ஆட்கள் வேலை சரியில்லை" என்று எழுத்து வந்தது. "கிராணி ஐயா, நனைந்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டுமா?" என்று ஒரு மூதாட்டி நம்மைக் கேட்டார். அந்தக் கேள்வி அந்த எழுத்துக்குப் பதிலாகப் போயிருக்க வேண்டும், போகவில்லை. அது நம் குற்றமும்தான்.

ஸ்டோர் மிஷின்கள் மற்ற இரும்பைவிட விரைவாகத் துருப்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பாலை உறைய வைக்கப் பார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம். உறைந்த கட்டியை உருளையில் கொடுத்துப் பிழியும்போது ஆசிட் கலந்த நீர் வழிந்து சட்டத்திலும் போல்ட்டிலும் இறங்குகிறது. தினமும் ஓடித் தினமும் கழுவப்படும் மிஷின் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். சும்மா கிடக்கும் மிஷினே விரைவில் கெடும். 1965 இல் எஸ்.எம்.ஆர். தரமுறை வந்த பிறகு சிறுகச் சிறுக ஷீட் குறைந்து, மங்கிலேயே உறையும் கட்டிப்பால் பெருகிவிட்டது. வரி போடும் உருளைகள் மூலையில் கிடந்து துரு தின்கின்றன.

இடையில் ஒரு சொல். ஷீட்டில் "துரு" இருக்கிறது என்று தரம் குறைப்பார்களே, அது இரும்புத் துரு அல்ல. ஷீட்டைச் சரியாகக் கழுவாமலோ, தாமதமாகப் புகையில் ஏற்றியோ விட்டால், மேலே தங்கிய பாலின் சாரம் நுண்ணுயிர்களால் கெட்டுப் பழுப்புப் படலமாகிறது. ஷீட்டை இழுத்துப் பார்த்தால் அது உதிரும். மிஷினைச் சுரண்டினால் இந்தத் துரு போகாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி மிஷின்காரரை ஏசுவது அறியாமை.

சரி, முறை என்ன? முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவிக் காயவிட வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அது இரும்பெங்கும் பரவும். பிறகு சுரண்டியும் கம்பிப் பிரஷும். குழிக்குள் இறங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த திரவம் விற்கிறது. தயாராகக் கலந்ததையே வாங்குவது நல்லது. கையில் கலக்க நேர்ந்தால் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றலாகாது. ஸ்டோரில் பீப்பாயில் இருக்கிறதே என்று பார்மிக் ஆசிட்டை மொண்டு துருவில் ஊற்றும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும் சரக்கு அது. துடைத்து உலர்ந்த இரும்புக்கு அன்றைக்கே துரு தடுக்கும் முதற்பூச்சு. அது காய்ந்த பின் மேற்பூச்சு மெல்லியதாக இரண்டு முறை. ஒரே தடவையில் தடிப்பாக அப்புவது வேலையை முடிக்கும் அவசரமேயன்றி வேலையாகாது.

பால் படும் உருளை முகத்துக்கும், பல்சக்கரத்துக்கும், எண்ணெய் விடும் துளைக்கும் சாயம் கூடவே கூடாது. உருளை முகத்தைப் பித்தளைப் பிரஷால் தேய்க்கவும் கூடாது. பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு சிறிது கலந்தாலும் ரப்பர் கெட்டுப் பிசுபிசுத்துப் போகும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கிந்தா பள்ளத்தாக்கில் நாம் ஈயம் என்றாலே வெள்ளீயத்தைத்தான் சொல்கிறோம். 1938 இல் கட்டி 1982 வரை மண் வாரிய பெரிய கப்பல் ஒன்று பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் இன்று காட்சிப் பொருளாக நிற்கிறது. அது வாரியதும் வெள்ளீயமே. "ஈயத்தின் நடுவிலேயே பிறந்து வளர்ந்தோம், ஈயம் நம்மை என்ன செய்யும்?" என்று ஒரு தோழர் சிரித்தார். தோழரே, சாயத்தில் இருப்பது அதுவன்று. பட்டறையில் ரெட் லெட் என்று சொல்லும் சிவப்புப் பூச்சு காரீயம். பழைய மிஷின்களில் அடிப்பூச்சாக அதையே பூசினார்கள். மேலே பச்சையும் சாம்பலும் எத்தனை அடுக்கு ஏறியிருந்தாலும் அடியில் அது இருக்கக்கூடும்.

உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தாலும், மின்சாரப் பிரஷ் வைத்தாலும், தீயால் வாட்டினாலும் அந்தக் காரீயம் தூசாகவும் புகையாகவும் நெஞ்சுக்குள் போகிறது. கையில் ஒட்டியது வெற்றிலையோடும் பீடியோடும் தேத்தண்ணீரோடும் வயிற்றுக்குள் போகிறது. வயிற்று வலி, மலச்சிக்கல், இரத்தச் சோகை, கை நரம்புத் தளர்ச்சி என்று மெல்ல மெல்லக் காட்டும். உடுப்பில் ஒட்டியது வீட்டுக்கு வந்து, அப்பாவின் மடியில் ஏறும் குழந்தையைச் சேருகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளையையே அது அதிகம் தாக்கும். ஆகையால் பழைய பூச்சு என்றால் காரீயம் உண்டென்றே கொண்டு, நனைத்துச் சுரண்ட வேண்டும். தூசு வடிகட்டும் முகமூடி வேண்டும், கைக்குட்டை முகமூடியாகாது. உடுப்பை ஸ்டோரிலேயே மாற்ற வேண்டும். கை கழுவச் சோப்பும் நீரும் அருகில் இருக்க வேண்டும். புகைவீட்டு அடுப்பு எரியும்போது பக்கத்தில் தின்னர் டின்னைத் திறக்கலாகாது என்பதையும் சேர்த்துக்கொள்வோம்.

உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போதே துணியால் துடைக்கச் சொல்லும் மேற்பார்வையாளரும் இருக்கிறார். இரண்டு உருளைக்கு நடுவே துணி போனால் விரலும் போகும். சுவிட்சை நிறுத்தினால் போதாது. வேறொருவர் போட முடியாதபடி பூட்டிச் சாவியை வேலை செய்பவர் வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய காப்பு மூடியைத் திரும்ப மாட்டிய பிறகே மிஷின் ஓட வேண்டும். மூடியின் உட்புறத்துக்கு ஆரஞ்சு நிறம் அடித்தால், அது திறந்து கிடப்பது தூரத்திலிருந்தே கண்ணில் படும். இதற்கு அதிகச் செலவு ஒன்றுமில்லை.

இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. காரீயத்துக்கென்று இந்நாட்டில் 1984 இலேயே தனி விதிகள் வந்தன. 1967 ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் முதல் தேதி நீக்கப்பட்டதைக் காட்டி, "சட்டமே போய்விட்டது" என்று சொல்வோர் உண்டு. போகவில்லை. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதே நாளில் திருத்தத்துடன் விரிவாகியிருக்கிறது. அச்சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. 26 ஆம் பிரிவு அது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமிருந்தால் அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் திருத்தத்தால் வந்திருக்கிறது.

கூலி விஷயம் பாக்கி. வெட்டு நாளில் எடைக்குக் கூலி பெறுபவரைத் துரு சுரண்ட அனுப்பினால் அவர் வருமானம் இறங்குகிறது, ஆபத்தோ ஏறுகிறது. எந்த விகிதத்தில் கூலி என்பதை ஆட்கள் ஸ்டோருக்குள் நுழையுமுன் கிளைச் செயலாளர் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

கிராணித் தோழர்களுக்குத் தனியே ஒன்று. காரீயம் செய்யும் கேடு சில வேளைகளில் பல ஆண்டு கழித்தே தெரியும். அன்றைக்குச் சொக்சோவில் தொழில் நோய் என்று மனுச் செய்பவரிடம், "இந்த வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்பார்கள். தோட்டம் கைமாறியிருக்கும், மிஷின் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். மிஞ்சுவது நம் செக்ரோல் ஒன்றே. அதில் "பல வேலை" என்றிருந்தால் அந்த மனு அங்கேயே நின்றுவிடும். வருகிற மாதத்திலிருந்து "ஸ்டோர் உருளை, பழைய சாயம் சுரண்டல், காலை 7 முதல் 11 வரை" என்று எழுதுவோம். கட்டம் சிறியதென்றால் பக்கத்து வெள்ளையில் எழுதுவோம். ஏன் என்று துரை கேட்டால், நடந்ததை எழுதினோம் என்று சொல்வோம்.